கைப்பேசியும் கைக்குழந்தையும்

ஒரு குழந்தை கருவில் உருவான நாளிலிருந்து அதன் இரண்டாவது பிறந்த நாள் வரை எண்ணினால் ஏறக்குறைய ஆயிரம் நாட்கள் வருகின்றன. இந்த ஆயிரம் நாட்களில் கிடைக்கும் ஊட்டமே குழந்தையின் உயரத்தையும் உடல் வலுவையும் மூளை வளர்ச்சியையும் பெருமளவு நிர்ணயித்துவிடுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. இந்த நாட்களில் இழந்ததைப் பின்னால் எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் முழுவதும் ஈடுசெய்வது கடினம். கிராமப்புறங்களில் இந்த ஆயிரம் நாட்களைக் காப்பதற்குக் கைப்பேசியைத் துணையாகக் கொள்ளும் முயற்சி நம் நாட்டில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அது எதைச் சாதித்தது, எங்கே வழி மாறிப் போகிறது என்று நிதானமாக எடை போட்டுப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 19.3 சதவீதம். நாம் வாழும் மகாராஷ்டிரம் செல்வத்திலும் தொழிலிலும் முன்னணியில் நிற்கும் மாநிலம். ஆனால் இங்கே உயரம் குன்றிய குழந்தைகள் 35.2 சதவீதம்; உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் 25.6 சதவீதம். அதாவது நான்கு குழந்தைகளில் ஒன்று. இந்த இரண்டாவது கணக்கில் நாட்டின் சராசரியைவிட நம் மாநிலம் மோசமாக இருக்கிறது. பம்பாயின் பங்குச் சந்தை எவ்வளவு உயர்ந்தாலும், நந்துர்பாரிலும் மேள்காட்டிலும் எடை பார்க்கும் தராசின் முள் அதைக் கண்டுகொள்வதில்லை.

இதற்கு வறுமை ஒரு காரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வறுமை மட்டுமே காரணம் அல்ல. குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு கெட்டியான மசித்த உணவு தொடங்க வேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். இவ்வளவுதான் பாடம். இதில் காசு செலவாகும் பகுதி ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வருகிறது.

ஆனால் நடப்பது என்ன? அதே ஆய்வின்படி நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலோ சுகாதார நிலையங்களிலோ நடக்கின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ 41.8 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 63.7 சதவீதம். ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் தாய்ப்பாலோடு திட உணவும் பெறுபவை 45.9 சதவீதம். ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை உள்ள குழந்தைகளில், தேவையான அளவு வகைவகையாகவும் தேவையான தடவையும் உணவு பெறுபவை 11.3 சதவீதமே. மீதி 88 பேருக்குமேல் ஏதோ ஒரு வகையில் குறை. ஆறாம் மாதத்துக்குப் பிறகு பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

பழக்கவழக்கங்களும் குறுக்கே நிற்கின்றன. நம்மவர்களிடையே பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. வடக்கே 'குட்டி' என்ற பெயரில் தேனோ கஷாயமோ புகட்டுகிறார்கள். சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சி எறியும் வழக்கம் பல பகுதிகளில் இருந்துவந்திருக்கிறது. கோடையில் குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்று தண்ணீர் புகட்டுவார்கள். எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, பருப்பைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். இவை எல்லாம் அன்பில்லாமல் செய்பவை அல்ல. சரியான சொல் சரியான நாளில் வந்து சேராததால் நடப்பவை.

சரியான நாள் என்பதுதான் இங்கே முக்கியம். ஏழாம் மாதத்தில் சொல்ல வேண்டியதைப் பிரசவத்தன்று சொன்னால் நினைவிருக்காது. பிரசவத்தன்று சொல்ல வேண்டியதை ஏழாம் மாதத்தில் சொல்லிப் பயனில்லை. வாரத்துக்கு வாரம் குழந்தையின் வயதுக்கு ஏற்றபடி ஒரு செய்தியைத் தாயிடம் சேர்ப்பதற்குக் கைப்பேசி ஏற்ற கருவி என்ற யோசனை இப்படித்தான் பிறந்தது. அது நல்ல யோசனை என்பதில் ஐயமில்லை.

மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் 'கில்காரி' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தது. குழந்தையின் மழலைச் சிரிப்பொலியைக் குறிக்கும் இந்திச் சொல் அது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள் தாயின் கைப்பேசிக்கு இலவசமாக வரும். ஒரு டாக்டரம்மா பேசுவதுபோல அமைந்த செய்திகள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம். விலை உயர்ந்த கைப்பேசி தேவையில்லை. சாதாரணப் பொத்தான் போன் போதும். இந்தி, வங்காளி, ஒரியா, அஸ்ஸாமிய மொழிகளில் நடந்துவந்த இத்திட்டம் 2024 பிப்ரவரியில் குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் அந்தந்த மாநில மொழிகளில் விஸ்தரிக்கப்பட்டது.

இதனால் பலன் கிடைத்ததா? மத்தியப் பிரதேசத்தின் நான்கு மாவட்டங்களில் 5,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இச்செய்திகளை அனுப்பியும் மறு பிரிவினருக்கு அனுப்பாமலும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2022ல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. தற்காலிகக் கருத்தடை முறைகளைக் கையாள்பவர்களின் எண்ணிக்கை, செய்தி கேட்டவர்களிடையே ஓரளவு கூடியிருந்தது. ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதைக்கொண்டு திட்டமே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. வேறுபாடு ஏன் ஏற்படவில்லை என்று கேட்பதுதான் முறை. கிராமத்து வீட்டில் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள், 2019-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் 54 சதவீதம், கிராமங்களில் 46.6 சதவீதம்தான். மற்ற வீடுகளில் போன் கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. கணவன் வயலிலோ, சந்தையிலோ, வேலை தேடிப் போன வேறு ஊரிலோ இருக்கிறான். தாய்க்கு வரவேண்டிய குரல் அவன் காதில் விழுந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. தாயே கேட்டாலும், மாமியார் வேறு விதமாகச் சொன்னால் எந்தச் சொல் எடுபடும் என்பது குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். பால் சரியாகச் சுரக்கவில்லை என்று முதற்பிள்ளைக்காரி கலங்கும்போது அவளுக்கு வேண்டியது அறிவுரை மட்டும் அல்ல. குழந்தையை எப்படிப் பிடிப்பது, அதன் வாய் எப்படிப் பற்ற வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தரும் கை வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வாய் வேண்டும். பதிவு செய்த குரல் தன் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போய்விடும்.

பீகாரில் கிடைத்த அனுபவம் இங்கே வழிகாட்டுகிறது. அம்மாநிலத்தின் சகர்சா மாவட்டத்தில் கைப்பேசியைத் தாயிடம் கொடுக்கவில்லை. வீடு தேடிச் செல்லும் ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். இன்று எந்த வீட்டுக்குப் போக வேண்டும், அந்த வீட்டில் எதைச் சொல்ல வேண்டும், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று அது நினைவூட்டியது. 2019ல் வெளியான ஆய்வு முடிவின்படி, அந்தக் கருவி இருந்த இடங்களில் வீட்டு வருகைகள் கூடின. பிறந்த உடனே தாய்ப்பால் கொடுப்பதும் கூடியது. இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் புலப்படுகிறது. கைப்பேசி தானே பேசுவதைவிட, பேசத் தெரிந்த ஓர் ஆளைத் தாயின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது அதிகப் பயன் தருகிறது.

இந்தப் பாடத்தை நம் மாநிலமே முன்பு உலகுக்குக் கற்பித்திருக்கிறது. கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே சென்று கவனிக்கச் செய்தார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்த முயற்சியால் பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் சிசு மரணம் சுமார் 62 சதவீதம் குறைந்தது என்ற செய்தி 1999ல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. அப்போது அந்தக் கிராமங்களில் கைப்பேசி கிடையாது. வீடு தேடிப் போன பெண் இருந்தாள். பின்னர் இம்முறையே தேசியத் திட்டமாயிற்று. இன்று மருத்துவமனையில் பிரசவம் நடந்தாலும், 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது விதி. 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் வர வேண்டும் என்று 2018ல் சேர்க்கப்பட்டது. விதி நன்றாகவே இருக்கிறது. அவள் வருகிறாளா, வந்தால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கைப்பேசி வழி மாறிப் போவதைப் பார்க்கிறோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் அது முதலில் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று மேள்காட்டின் தார்ணி. மற்றொன்று நம்மவர் நிறைந்த தாராவி. பால்வாடி என்று நாம் சொல்லும் இந்த அங்கன்வாடிகள் இன்று நாடெங்கும் சுமார் 14 லட்சம். இவற்றின் கணக்குகளைக் கைப்பேசியில் பதிய 'போஷண் டிராக்கர்' என்ற செயலி 2021 மார்ச்சில் வந்தது. குழந்தையின் உயரம், எடை, வருகை, கொடுத்த சத்துணவு எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைப் பல்லாயிரக்கணக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போன் சூடாகிறது, நின்றுவிடுகிறது. செயலி மராத்தியில் இல்லை, ஆங்கிலத்தில் தட்டெழுத வேண்டியிருக்கிறது என்று அவர்கள் குறை கூறினார்கள். வேலைக்கு அஞ்சி அவர்கள் அப்படிச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. குழந்தையைத் தூக்கி எடை பார்க்க வேண்டிய கை, திரையைத் தடவிக்கொண்டு உட்கார நேர்ந்ததே அவர்களின் மனக்குறை. பின்னர் செயலியில் இந்திய மொழிகள் இடம்பெற்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து வந்தது முகப் பதிவு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொட்டலம் தரப்படுகிறது. குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி என்பது அதன் அளவு. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, பெறுபவரின் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, ஆதார் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பொட்டலம் தர வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. பதிவு செய்வதற்கு ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓர் இரகசிய எண் வரும். அதைச் சொல்ல வேண்டும். அந்த போன் யாரிடம் இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். சமிக்ஞை கிடைக்காத மலைக் கிராமங்களும், எண்ணை மாற்றிவிட்ட குடும்பங்களும், அன்று வேலைக்குப் போனதால் வர முடியாத தாய்மாரும் கொஞ்சமல்ல. பல மாநிலங்களில் அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன.

போலிப் பெயர்களை எழுதிச் சத்துணவைக் கடத்துவது நடந்திருக்கிறது. அதைத் தடுக்க வேண்டியதும் அவசியம். அரசின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. எடையும் உயரமும் உடனுக்குடன் பதிவானால், இளைத்துவரும் குழந்தையை முன்கூட்டியே கண்டறிய முடியும் என்பதும் உண்மை. ஆனால் திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் தாய் சிக்கிக்கொண்டால் அந்த வலை சரியாகப் பின்னப்படவில்லை என்றுதான் பொருள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவை உரிமையாக்கியிருக்கிறது. ஒரு போனின் கண் தன்னை அடையாளம் காணவில்லை என்பதற்காகப் பத்து மாதக் குழந்தை அதை இழக்கலாகாது. கள்ளக் கணக்கு எழுதுபவரைத் தணிக்கையில் பிடிக்கலாம்; போன மாதம் சாப்பிடாத சாப்பாட்டைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மகாராஷ்டிரக் கிராமங்களின் இன்னொரு நிலையையும் நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். தீபாவளியை ஒட்டிய நாட்களில் பீட் முதலிய மராத்வாடா மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்ட மேற்கு மாவட்டங்களுக்குப் புறப்படுகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்த்தா', அதாவது ஓர் அரிவாள், என்பது கணக்கு. விடியுமுன் வயலில் இறங்கும் அந்தத் தாய் கைக்குழந்தையைக் குடிசையிலோ வரப்பிலோ விட்டுவிட்டுப் போகிறாள். அவள் பெயர் சொந்த ஊர் அங்கன்வாடியில். அவள் இருப்பது வேறு மாவட்டத்தில். இப்படி இடம்பெயரும் தாய், சேய்களின் பதிவு அவர்களைப் பின்தொடர்ந்து செல்வதற்காக மகாராஷ்டிர அரசு 2022ல் தனியாக ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கைப்பேசியின் உண்மையான பலம் இத்தகைய இடத்தில்தான். காகிதப் பதிவேடு ஊரைத் தாண்டாது. கைப்பேசிப் பதிவு தாண்டும். ஆனால் பதிவு தாண்டினால் மட்டும் போதாது. சென்ற இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துச் சத்துணவு கொடுக்க ஓர் அங்கன்வாடியும், தாய் வேலை செய்யும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு நிழலும் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை பாலூட்டு என்று போன் சொல்லலாம். அதற்கு விடுப்புக் கொடுப்பது போனின் கையில் இல்லை; கரும்பு ஆலைகளின், முகவர்களின், அரசின் கையில் இருக்கிறது.

நம் வீட்டுக் கதையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. தாராவியிலோ மான்கூர்டிலோ வாழும் தமிழ்ப் பெண் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்காகத் திருநெல்வேலிக் கிராமத்துக்குப் போகிறாள். மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதத்தில் குழந்தையோடு திரும்பி வருகிறாள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் 'பிக்மி' முறை இருக்கிறது. இங்கே வேறு பதிவு. அங்கே கிராமச் சுகாதார செவிலி தமிழில் சொன்னதோடு தொடர்பு அறுந்துபோகிறது. திரும்பி வந்த சில வாரங்களில் ஆறு மாதம் நிறைந்து, மசித்த உணவு தொடங்க வேண்டிய கட்டம் வந்துவிடுகிறது. தாயின் வீடு அங்கே, மாமியார் இங்கே, அங்கன்வாடித் தாயி பேசுவது மராத்தி. மிகவும் துணை தேவைப்படும் நேரத்தில் அவள் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே நின்றுவிடுகிறாள். மாறாமல் இருப்பது அவளுடைய போன் எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு அவள் மொழியில் செய்தி வர ஏற்பாடு செய்வது அரசுகளுக்கு அசாத்தியமான காரியம் அல்ல. தமிழ்நாட்டுக் கட்டடங்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தாய்மாருக்கும் இது பொருந்தும்.

கைப்பேசியின் மறுபக்கத்தையும் பேசாமல் விடக் கூடாது. தாய்ப்பாலின் மேன்மையைச் சொல்லும் அதே திரையில்தான் பால்மாவு விளம்பரமும் வருகிறது. நம் நாட்டில் 1992ல் இயற்றப்பட்டு 2003ல் கடுமையாக்கப்பட்ட சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்மாவு, புட்டி, டப்பா உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்கிறது. சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் போட்ட பூட்டு அது. கைப்பேசித் திரையிலோ விளம்பரம் விளம்பரமாக வருவதில்லை. 'என் குழந்தைக்கு நான் கொடுப்பது இதைத்தான்' என்று பிரபலமானவர்கள் பேசும் படமாகவும், தாய்மார் குழுவின் ஆலோசனையாகவும் வருகிறது. 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் வெளியான சுமார் 40 லட்சம் சமூக ஊடகப் பதிவுகளை ஆராய்ந்த உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் பற்றி 2022ல் எச்சரித்தது. 2025 மே மாதம் கூடிய உலக சுகாதாரப் பேரவையும் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. கிராமத்துத் தாய் கூலிப் பணத்தில் டப்பா வாங்கி, அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரை அதிகம் கலந்து, கொதிக்காத நீரில் கழுவிய புட்டியில் ஊட்டினால் விளைவது வயிற்றுப்போக்கும் இளைப்பும்தான். சட்டம் இருந்தும் அதைத் திரைமேல் செலுத்தாதது அரசின் குறை.

நல்ல முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டத்தின் உடல்நலப் பகுதிக்குக் குழந்தை மருத்துவர் ரூபல் தலால் வழிகாட்டினார். குழந்தையை எந்த நிலையில் பிடித்துப் பாலூட்டுவது, வாய் எவ்வளவு ஆழமாகப் பற்ற வேண்டும், பாலைக் கையால் எப்படி எடுத்து வைப்பது, ஆறு மாதத்துக்குப் பின் என்ன சமைப்பது என்பவற்றைச் சிறுசிறு படங்களாக விளக்கியிருக்கிறார்கள். தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளில் அவை இருக்கின்றன. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் சமிக்ஞை இல்லாத இடத்திலும் போட்டுக் காட்டலாம். ஒரு பணியாளர் தாயின் அருகே உட்கார்ந்து படத்தைக் காட்டி, பிறகு குழந்தையைப் பிடித்துக் காட்டினால், கருவியும் கையும் ஒன்றுசேர்கின்றன. இதைத்தான் நாம் வேண்டுகிறோம்.

ஆகவே அரசுகள் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முகம் பொருந்தவில்லை, எண் வரவில்லை என்ற காரணத்தால் எந்தத் தாய்க்கும் சேய்க்கும் சத்துணவை மறுக்கக் கூடாது. கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அன்றே கொடுத்துவிட வேண்டுமென்று எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும். ஒரே விவரத்தைப் போனிலும் பதிவேட்டிலுமாக இரண்டு முறை எழுத வைப்பதை நிறுத்தி, மிச்சமாகும் நேரத்தை வீட்டு வருகைக்கு ஒதுக்க வேண்டும். பணியாளருக்குப் பழுதில்லாத போனும், அதன் செலவும், உழைப்புக்கேற்ற ஊதியமும் தர வேண்டும். செயலி, பணியாளரை மேலிருந்து கண்காணிப்பதோடு நில்லாமல், இன்று எந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைகிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்வதாக இருக்க வேண்டும்.

குரல் செய்திகள் ஒரு வயதோடு நின்றுவிடுவது பொருத்தமில்லை. ஆயிரம் நாள் கணக்கு இரண்டு வயது வரை போகிறது, 11.3 சதவீதம் என்ற வெட்கக்கேடான கணக்கும் 23ஆம் மாதம் வரை போகிறது. செய்தியையும் அதுவரை நீட்ட வேண்டும். பதிவின்போதே தாயின் மொழி எது என்று கேட்டு, அந்த மொழியில் அனுப்ப வேண்டும். போன் கணவனிடம் இருப்பதே நிலைமை என்றால், அவனுக்கென்றும், மாமியாருக்கென்றும் தனிச் செய்திகள் தயாரிக்கலாம். திரும்ப அழைத்துச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல, பயிற்சி பெற்ற பெண்கள் மறுமுனையில் இருக்க வேண்டும். பிரசவம் நடக்கும் மருத்துவமனைகள் முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும். இதற்கு எந்தக் கைப்பேசியும் தேவையில்லை.

மும்பையிலும் புறநகர்களிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் மாதர் அமைப்புகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஊரிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பிவரும் பெண்களை அருகிலுள்ள அங்கன்வாடியில் பதிவு செய்ய உதவலாம். மொழி புரியாத இடத்தில் கூடவே சென்று பேசலாம். சங்கக் கட்டடத்தில் மாதம் ஒரு முறை இந்தப் படங்களைப் போட்டுக் காட்டலாம். ஊரில் உள்ள தம் வீடுகளுக்கு வாரந்தோறும் பேசும் ஆடவர்கள், மகளோ மருமகளோ பிள்ளை பெற்றிருந்தால், பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்பதோடு, குழந்தைக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். கேழ்வரகுக் கூழோ, பருப்பும் சோறும் மசித்து ஒரு கரண்டி நெய் விட்டதோ, ஒரு முட்டையோ, ஒரு வாழைப்பழமோ, வீட்டில் இருப்பதைக் கொண்டே நல்ல உணவு தரலாம். மருமகள் கையில் தினம் கால்மணி நேரம் போனைக் கொடுப்பதால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிவியல் கொடுத்த கருவிகளில் கைப்பேசியைப் போல ஏழையின் குடிசை வரை வேகமாகப் போய்ச் சேர்ந்தது வேறொன்று இல்லை. குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் எட்டாத இடத்துக்கும் அது எட்டியிருக்கிறது. எட்டிய பிறகு அது தாயோடு பேசுகிறதா, தாயைச் சோதிக்கிறதா என்பதை அரசின் உத்தரவுகள்தாம் தீர்மானிக்கின்றன. அந்த உத்தரவுகளை மத்திய அரசும் மாநில அரசும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆயிரம் நாள் என்பது நிர்வாகத்துக்குக் குறுகிய காலம்; ஒரு குழந்தைக்கு அது ஒரே ஒரு முறை வருகிற காலம். எனவே இந்தக் காரியத்தில் காலதாமதம் கூடாது.